பயனற்ற சிறகும் பண்புள்ள சிரிப்பும்

பிழை கண்டவிடத்து நகைப்பது மக்கள் இயல்பு. தளை தட்டிய வெண்பாவைக் கேட்டால் புலவர் நகைப்பர். கோணலாக இழைத்த பலகையைக் கண்டால் தச்சர் நகைப்பர். கார்களில் ஈடுபாடுடையோரும் அத்தகையோரே. ஒருவன் தன் காரைத் திருத்துவதாக எண்ணிக் கெடுத்து வைப்பானாயின், அது அவர்களுக்குத் தீராத வேடிக்கை. அவ்வேடிக்கையினுள் ஒரு பௌதிகப் பாடமும் ஓர் ஒழுக்கப் பாடமும் அடங்கியிருப்பதை இன்று எடுத்துரைக்க விழைகிறேன்.

அமெரிக்காவில் 1990-களில், ஜப்பானியச் சிறு கார்களை மாற்றியமைக்கும் வழக்கம் இளைஞரிடையே பரவியது. எஞ்சினையும் பிரேக்கையும் முறையாகச் செப்பனிட்டோரும் உண்டு. வெளித்தோற்றத்தை மட்டும் மாற்றியோரும் உண்டு. பின்னவரைக் கண்டு, "ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் ஐந்து குதிரைத்திறன் கூடும்!" என்று மற்றவர் கேலி பேசினர். காரின் பின்புறத்தில் உயர்ந்து நின்ற சிறகுக்குப் 'பூங்கா இருக்கை' என்று பெயரிட்டனர்.

அச்சிறகின் பயன் யாது? விமானத்தின் சிறகு விமானத்தை மேலே தூக்குகிறது. அதையே தலைகீழாகப் பொருத்தினால், அது வண்டியைத் தரையோடு அழுத்தும். சக்கரங்களின் பிடிப்பு மிகும். 1966-ஆம் ஆண்டில் ஜிம் ஹால் என்னும் அமெரிக்கர் தம் 'சாப்பரல் 2ஈ' பந்தயக் காரில் இத்தகைய உயர்ந்த சிறகைப் பொருத்தினார். ஆனால் இவ்வழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சிறகு 100 கிலோ எடைக்கு ஈடாக அழுத்துகிறது என்று கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில், அழுத்தம் இருபத்தைந்தில் ஒரு பங்கே. வெறும் 4 கிலோ! ஒரு பூசணிக்காயை ஏற்றிவைத்தாலும் அதே பயன் கிட்டும். மேலும், அச்சிறு கார்களுட் பலவற்றை இழுப்பவை முன்சக்கரங்கள். சிறகு அழுத்துவதோ பின்சக்கரங்களை. கேலியின் காரணம் இப்போது விளங்குகிறதன்றோ?

சில மாற்றங்கள் சிரிப்போடு நில்லா. வண்டி தாழ்ந்து தோன்றவேண்டுமென்று சுருள்வில்லை வெட்டிக் குறைப்போர் உளர். வெட்டுண்ட வில் மேடுபள்ளங்களில் தன் இடத்தைவிட்டு நழுவக்கூடும்; அதனால் உயிருக்கே ஊறு நேரலாம்.

எனினும், பிழை இளைஞர்க்கு மட்டும் உரியதன்று. 1969-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள், பார்சலோனா நகரில் நடந்த ஸ்பானியக் கிராண்ட் பிரீ பந்தயத்தில், புகழ்வாய்ந்த லோட்டஸ் குழுவின் இரு கார்களிலும் உயர்ந்த சிறகுகள் முறிந்தன. கிரஹாம் ஹில், யோகன் ரிண்ட் ஆகிய இருவரும் விபத்துக்குள்ளாயினர். உயிர் தப்பியது நற்பேறே. அம்மாதமே அவ்வகை உயர்ந்த சிறகுகள் தடை செய்யப்பட்டன. வல்லுநரும் தவறுவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனி ஒழுக்கப் பாடம். ஒப்பனைக் கார்களைக் கேலி செய்ய அமெரிக்கர் வழங்கிய சொல் 'ரைஸ்', அதாவது அரிசி. அரிசி உண்ணும் ஆசிய மக்களை இழித்துரைத்த வழக்கிலிருந்து அது பிறந்தது. 'பந்தயத்தைப் பின்பற்றிய ஒப்பனை' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அச்சொல் எனப் பின்னாளில் விளக்கம் புனைந்தனர். அதனால் கறை நீங்கிவிடவில்லை. சிறகைக் கண்டு தொடங்கிய சிரிப்பு, உண்ணும் சோற்றைக் கண்டு சிரிப்பதில் முடிந்தது. சோறுண்ணும் நமக்கு இதன் கூர்மை விளங்காமற் போகாது.

ஆசிரியனாக இருந்த நாளில் நானும் இவ்வாறு தவறியதுண்டு. கரும்பலகையில் ஒரு மாணவன் எழுதிய விடையைக் கண்டு சிரிக்கத் தொடங்கி, அவன் ஊர்ப்பேச்சையும் சேர்த்து நகையாடினேன். வகுப்பு முழுதும் சிரித்தது. அதன்பின் அவன் கரும்பலகைக்கு வரவே மறுத்தான். அவன் கணக்கு திருந்தவில்லை; திருந்தவேண்டியவன் நானே என்பதைக் காலங்கடந்து உணர்ந்தேன்.

மாணவர்களே! பிழையைக் கண்டு சிரியுங்கள். ஆனால் அது ஏன் பிழை என்று விளக்க இயன்றால் மட்டுமே சிரியுங்கள். விளக்கத்தைக் கேட்டுப் பிழை செய்தவனும் உடன் சிரிப்பானாயின், அதுவே பண்புள்ள சிரிப்பு.