பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் அம்மாவுக்கு அழுகை வருவது ஏன்?

பிரசவம் நல்லபடி முடிந்தது. குழந்தையும் சுகம். ஆனால் மூன்றாம், நான்காம் நாளில் காரணமே இல்லாமல் தாய்க்குக் கண்ணீர் முட்டுகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், ஒருவேளை அழுதும் இருப்பீர்கள்.

இதில் ஒரு ஹார்மோனுக்குப் பங்கிருக்கலாம்: நெருக்கடியைச் சமாளிக்க உடல் சுரக்கும் கார்டிசால். மூளை உத்தரவிட்டால், சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி அதைத் தரும். கர்ப்பத்திலோ நஞ்சுக்கொடியும் அந்த உத்தரவை அனுப்பத் தொடங்குகிறது. கடைசி மாதங்களில் ரத்தத்தில் கார்டிசால் 2, 3 மடங்காகிறது.

பக்கத்து வீட்டு மோட்டாரே உங்கள் தொட்டியையும் நிரப்பினால் என்ன செய்வீர்கள்? உங்கள் மோட்டாரை நிறுத்திவைப்பீர்கள். மூளையும் அடங்கிவிடுகிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் பக்கத்து மோட்டார் நின்றுபோகிறது. மாதக்கணக்கில் ஓடாத சொந்த மோட்டார், போட்டவுடன் தண்ணீர் இழுக்குமா? சில வாரங்களாவது பிடிக்கும்.

அதே நாட்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் சரேலென்று இறங்குகின்றன. மனநிலையில் அவற்றுக்கும் பங்குண்டு. தூக்கமும் கிடையாது. இந்த நேரத்தில், “பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு அழலாமா?” என்று அதட்டுவது எவ்வளவு அநியாயம்!

பெரும்பாலும் 2 வாரத்துக்குள் இது தானாக அடங்கும். அதற்கு மேலும் சோர்வு நீடித்தால், குழந்தைமேல் ஒட்டுதலே வரவில்லை என்றால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ஹார்மோன் மட்டுமே அதற்குக் காரணமல்ல. தனிமையும் பணக்கவலையும் சேரும். 1987-இல் வெளியான எடின்பரோ அளவுகோலின் 10 கேள்விகளைக் கொண்டு மருத்துவர்களால் இந்த மனச்சோர்வைச் சீக்கிரமே கண்டுகொள்ள முடியும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.