கண்டெடுத்த படச்சுருளும் நமது கலக்கமும்

மாம்புரியிலே சோளகம் வீசத் தொடங்கிவிட்டால், இரவில் எவ்வொலி எதனுடையது என்று பிரித்தறிதல் எளிதன்று. தென்னோலையின் இரைச்சலும் அலையோசையும், 2010ஆம் ஆண்டின் பின் அவற்றோடு சேர்ந்துகொண்ட காற்றாலைச் சிறகுகளின் முழக்கமும் ஒன்றாய்க் கலந்து கேட்கும். அத்தகைய ஓரிரவில், கரையோரத்து நண்பர் ஒருவரின் இல்லத்திலே, 'த பிளேயர் விச் புரொஜெக்ட்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை நாம் கண்டோம். அன்று நித்திரை கொள்ளாதோர் நம்மிற் பலர். பேய் ஒருமுறையேனும் முகங் காட்டாத படம் நம்மை இவ்வாறு ஆட்டிவைத்தமைக்குக் காரணம் யாதென ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

டானியல் மைரிக், எடுவார்டோ சாஞ்செஸ் என்னும் இருவர் இயக்கிய இப்படம் 1999இல் வெளிவந்தது. சூனியக்காரி ஒருத்தியைப் பற்றிய ஊர்க்கதையைப் படமாக்க விரும்பி, 1994இல் மேரிலாந்துக் காட்டினுட் சென்ற மாணவர் மூவர் மறைந்தனர். ஓராண்டின் பின் அவர்கள் பிடித்த படச்சுருள்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றையே இப்போது காண்கிறீர்கள் என்று படம் தொடங்குகிறது. அனைத்தும் கற்பனையே. எனினும் கற்பனையைச் செய்த முறை புதிது. 1997இல் எட்டு நாள்கள் நடிகர் மூவரும் கமராக்களைத் தாமே சுமந்து, தம் சொந்தப் பெயர்களுடன் காட்டில் அலைந்தனர். பேச்சிற் பெரும்பகுதி அவர்களே அவ்வப்போது பேசியது. அன்றன்று செய்யவேண்டியதைச் சிறு குறிப்புகளாய் எழுதிவைத்த இயக்குநர்கள், உணவையும் நாளுக்கு நாள் குறைத்தனர். ஆதலால் திரையிலே நாம் காணும் சலிப்பும் சினமும் முற்றிலும் நடிப்பென்று சொல்லிவிட முடியாது.

வழமையான படங்களிலே கமரா எல்லாம் அறிந்தது. கதவுக்குப் பின்னால் நிற்பவனை நாயகனுக்கு முன்னரே நமக்குக் காட்டிவிடும். இசையும் ஆபத்து வருவதை முன்னறிவிக்கும். இங்கோ கமரா, அதைப் பிடித்த கை அறிந்ததற்கு மேல் எதையும் அறியாது. சிறு விளக்கின் வட்டத்துள் நாலு மரங்கள், அதற்கப்பால் இருள். அவ்விருளை நிரப்பும் பொறுப்பு பார்ப்பவரைச் சேர்கிறது. அன்றியும், சுருள் கண்டெடுக்கப்பட்டதென்றால் அதன் சொந்தக்காரர் மீளவில்லை என்பது முதற்கணத்திலேயே நமக்குத் தெரியும். அவர்கள் சிரித்து விளையாடும் காட்சிகளே அதனால் அதிகம் வருத்துகின்றன.

இம்முறை நமக்கு முற்றிலும் புதிதன்று. கடற்கரை வாடிகளிலே பேய்க்கதை கேட்டோர் இதனை அறிவர். பேயின் பல்லையும் கூந்தலையும் வருணிப்பவரை எவரும் நம்பார். "ஒரு விளக்கு போனதைக் கண்டன், கிட்டப் போகேல்லை" என்று நிறுத்திக்கொள்பவரின் முன்னேதான் வாடி முழுவதும் அடங்கும். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யும் இவ்வகையினதே. அங்கே கதை சொல்பவரே எழுத்தாளர். நேர்ந்தது யாதென்று அவராலும் துணிந்து கூறமுடிவதில்லை.

துரத்தப்படுபவன் கமராவை எறிந்துவிட்டு ஓடமாட்டானா என்று வினவுவோர் உளர். நியாயமான வினாவே. இப்படத்திலேயே ஒருவன், கமராவின் ஊடாகக் காணும்போது உலகம் மெய்யாகத் தோன்றுவதில்லை என்ற கருத்துப்படத் தோழியிடம் கூறுகிறான். அக்கருவி அவளுக்கு ஒரு மறைப்பு. கைத்தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தபடி வெள்ளத்தையும் விபத்தையும் நோக்கும் நமக்கு இது விளங்காததன்று.

பின்வந்தோரிற் பலர், படம் ஆடினால் உண்மையாகிவிடும் எனத் தவறாய் எண்ணித் தலைச்சுற்றலையே தந்தனர். 2007இல் முதன்முதல் திரையிடப்பட்ட 'பரனோர்மல் அக்டிவிட்டி' விதிவிலக்கு. ஏறக்குறைய 15,000 டொலர் செலவில் எடுக்கப்பட்ட அப்படத்தில், படுக்கையறையிலே கமரா அசையாது நிற்கும். கதவு அசைகின்றதா என்று நாமே தேடுவோம். கன்னடத்தில் 2013இல் வந்த '6-5=2' மீண்டும் காட்டுவழியே சென்றது.

ஆயின் ஒன்று நம்மை உறுத்துகின்றது. 'பிளேயர் விச்' வெளியானபோது, நடிகர் மூவரும் மெய்யாகவே காணாமற் போனோர் என்று சுவரொட்டிகளாலும் இணையத்தாலும் பரப்பினர். ஏறக்குறைய 60,000 டொலரில் தொடங்கிய படம் 24 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. உயிரோடிருந்த நடிகையின் தாயாருக்கு அனுதாபக் கடிதங்கள் வந்தன. கிளிநொச்சியிலே 2017 பெப்ரவரியில், காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தாய்மார் வீதியோரத்தில் அமரத் தொடங்கியதை அறிந்த நமக்கு, அச்சுவரொட்டியை வெறும் வியாபார உத்தியாகக் கொள்ள மனம் வரவில்லை.

மாம்புரியில் அன்றிரவு படம் முடிந்ததும் நாம் அதன் நுட்பத்தைப் பற்றியே வாதாடிக்கொண்டிருந்தோம். பின்னால் இருந்து பார்த்த நண்பரின் தாயார், "தம்பிமார், அந்தப் பிள்ளையின்ட தாய்க்கு ஆர் போய்ச் சொன்னது?" என்று கேட்டார். எல்லாம் நடிப்பு, அப்பெண் சுகமாயிருக்கிறார் என்று எடுத்துரைத்தோம். இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது.