சோதனையும் குறிப்பும்: மென்பொருள் ஆக்கத்தில் ஒரு விளக்கம்

திண்டுக்கல் பூட்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. சாவியிட்டுத் திறந்து பார்க்காமல் பூட்டை வாங்குவார் இலர். மென்பொருளுக்கும் இது பொருந்தும். ஆனால் பூட்டின் குறையைக் கை உணரும். மென்பொருளின் குறையோ எளிதில் புலப்படாது. அது சோதிக்கப்பெற்றதா என்பதை எழுதிவைத்த குறிப்பே நமக்கு உரைக்க வேண்டும்.

தமிழுக்குச் சோதனை ஏன்?

‘யூசுப்’ என்னும் பெயரில் எழுத்துகள் மூன்று. யூனிகோடு முறையிலோ ய, ஊகாரக் குறி, ச, உகரக் குறி, ப, புள்ளி எனக் குறியெண்கள் ஆறு. பெயரை ஐந்து குறியெண்ணோடு நிறுத்தும் மென்பொருள் அதனை ‘யூசுப’ என்றே அச்சிடும். சான்றிதழில் இப்பிழை ஏறின் திருத்தம் வேண்டி மாணவர் அலைய நேரும். ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் பைத்தான் நிரல்தொகுப்பு சொல்லை எழுத்துகளாகப் பகுக்கிறது. பகுப்புச் சரியா என ஆராயும் சோதனைகளும் அதனுடனேயே உள்ளன.

சோதனையை நிறுத்தும் விருப்பம்

மூல நிரலைக் கணிப்பொறியில் நிறுவத்தக்க பொதியாக்குவதைக் ‘கட்டுதல்’ என்பர். 1993இல் தோன்றிய டெபியன் இயங்குதளத்தில், பொதியோடு வரும் சோதனைகளைக் கட்டும்போதே இயக்குவது வழக்கு. அவற்றைத் தவிர்க்க விரும்புவோர் ‘நோசெக்’ என்னும் விருப்பத்தை இடுவர். இதற்குத் தக்க காரணங்கள் உண்டு. வேறுவகைக் கணிப்பொறிக்காகக் கட்டும்பொழுது, கட்டப்பெற்ற நிரல் கட்டும் பொறியில் இயங்காது போகலாம். வேகம் குறைந்த பொறியில் சோதனை நெடுநேரம் கொள்ளலாம்.

இங்கே நுட்பம் ஒன்று உண்டு. ‘நோசெக்’ என்னும் ஒரே பெயரில் இரண்டு அமைப்புகள் உள்ளன. விருப்பமாக இட்டால் சோதனை இயங்காது; கட்டுமான வகையாகக் கொண்டால் சோதனைக்கு மட்டுமே வேண்டிய துணைப்பொதிகளும் தேவையில்லை. மேலும், ஜென்டூ இயங்குதளத்தில் பெரும்பாலான பயனர்க்குச் சோதனை இயல்பாக இயங்குவதில்லை. வேண்டுவோர் கேட்டுப் பெறல் வேண்டும். எனவே ‘ஒன்றும் இடவில்லை’ என்பதன் பொருள் இடத்துக்கு இடம் மாறுகிறது.

குறிப்பில் வேண்டுவன

ஆகவே பொதியாக்குவோர் நான்கு செய்திகளைத் தவறாது பதிதல் வேண்டும்:

1. ஒன்றும் இடாதபோது சோதனை இயங்குமா?
2. அதனை இயக்கவும் நிறுத்தவும் இடவேண்டிய சொல் யாது?
3. சோதனைக்கெனத் தனியே வேண்டிய துணைப்பொதிகள் யாவை?
4. சோதனை நிறுத்தப்பெற்றிருப்பின், எவற்றை, எக்காரணத்தால்?

இவற்றுள் நான்காவதே தலையாயது. காரணம் எழுதப்பெறாவிடின், பின்வருவோர் ‘பிழை காட்டவில்லை’ என்பதைப் ‘பிழை இல்லை’ என்று கொள்வர். சோதிக்காமையும் தேர்ச்சியும் அவர்க்கு ஒன்றாகவே தோன்றும்.

நூலுக்கு முன் பாயிரம் வைத்து, ஆக்கியோன் பெயர், நுதலிய பொருள், பயன் முதலியவற்றைச் சொல்லிச் செல்வது நம் மரபு. கணிப்பொறித் துறையில் புகும் நம் மாணவர்க்கு அம்மரபு புதிதன்று. நிரல் எழுதும் கை குறிப்பையும் எழுதிப் பழகுமாயின், தமிழ்ப் பெயர்கள் புள்ளி பிழையாது அச்சேறும்.