காந்த நாடாவும் மந்தமாகும் இரவுக் காப்பும்

2023 ஆகஸ்டில் கப்பம் கோரும் தீநிரல் ஒன்று இலங்கை அரசின் மேகக் கணினி அமைப்பைத் தாக்கியபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான காலத்துக்குக் காப்புப்பிரதி இல்லாமையால், ஏறத்தாழ 5000 அரச மின்னஞ்சல் முகவரிகளுக்குரிய தரவுகள் மீட்க முடியாமற் போயின. வலையமைப்பிலிருந்து துண்டித்து வைக்கும் பிரதியை நாள்தோறும் எடுக்க வேண்டும் என்ற முடிவு அதன் பின்னரே வந்தது. அத்தகைய பிரதிக்கு நெடுங்காலமாகப் பயன்படுவது, கழற்றி அலுமாரியில் பூட்டிவைக்கக்கூடிய காந்த நாடாவாகும். 2004இல் ஆழிப்பேரலை கண்ட திருகோணமலைக் கரையோர அலுவலகங்களுக்கு, அதனைக் கடலுக்கு எட்டாத ஊருக்கு அனுப்பிவைக்க முடிவதும் சிறிய வசதியன்று.

இன்று பரவலாக உள்ள எல்.டி.ஓ. வகை நாடாவின் எட்டாம் தலைமுறையில், 12.65 மில்லிமீற்றர் அகலமும் 960 மீற்றர் நீளமும் கொண்ட ஒரே சுருளில் 12 டெராபைட் அடங்குகிறது. எழுதும் வேகம் வினாடிக்கு 360 மெகாபைட் வரை செல்லும். இவ்வேகமே தொல்லைக்கும் வித்தாகிறது. தரவு மெதுவாக வந்தால் இயந்திரம் ஓரளவுக்குத் தன் வேகத்தைத் தணித்துக்கொள்ளும். அந்த எல்லைக்கும் கீழே போனால் நாடாவை நிறுத்தி, பின்னோக்கிச் சுற்றி, மீண்டும் ஓடவிட்டு, விட்ட இடத்தைப் பிடித்து எழுத வேண்டியிருப்பதால், நேரம் வீணாவதோடு நாடாவும் தேய்கிறது.

சேர்வரைப் புதுப்பித்த மறுவாரமே காப்பு மந்தமாவது இத்துறையில் பழகிப்போன முறைப்பாடு. பழி வழக்கமாக நாடா இயந்திரத்தின் மீதே விழுகிறது, பெரும்பாலும் அநியாயமாக. பழைய சேர்வரின் வலையட்டையும் சுவிட்சின் துளையும், 100 மெகாபிட் வேகத்தில் இருதிசையிலும் ஒரே வேளையில் பேசுமாறு கையால் பொருத்தப்பட்டிருந்தன எனக் கொள்வோம். புதிய அட்டை எதிர்முனையுடன் பேசி இணக்கம் காண முயல்கிறது. கையால் பொருத்திய துளையோ மறுமொழி தருவதில்லை. ஆகவே அட்டை வேகத்தை மட்டும் உணர்ந்து, பேசும் முறையை அறியாது, ஒருவர் பேச மற்றவர் கேட்கும் அரைவழி முறைக்கு இறங்கிவிடுகிறது. அதன்பின் ஒரு முனை எந்நேரமும் அனுப்ப, மறுமுனை அதனை மோதலெனக் கருதித் தன் பொதியைக் கைவிட்டு மறுபடி அனுப்புகிறது. பகலில் மின்னஞ்சல் போகும், கோப்பும் திறக்கும். இரவுக் காப்பு மட்டும் விடிந்தும் முடியாது.

இப்பிணக்கு தீர்ந்தாலும் 100 மெகாபிட் என்பது வினாடிக்கு 12.5 மெகாபைட்டே, ஒரு டெராபைட்டுக்கு 22 மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். கிகாபிட் இணைப்பில் நடைமுறையில் கிடைக்கும் ஏறத்தாழ 110 மெகாபைட்டும் மேற்சொன்ன இயந்திரத்துக்கு அரைவயிற்றுக் கஞ்சிதான். எனவே தரவை முதலில் வட்டில் சேர்த்து, பின்னர் அங்கிருந்து நாடாவுக்கு ஒரே ஓட்டமாக எழுதுவது நல்லது. இலட்சக்கணக்கான சிறு கோப்புகளும், ஒவ்வொன்றையும் திறக்கும்போதே சோதிக்கும் வைரஸ் தடுப்பு மென்பொருளும் வேகத்தைக் குறைக்கும்.

குற்றவாளியைக் கண்டறிய வழியைத் துண்டுதுண்டாக அளக்க வேண்டும்: சேர்வரின் வட்டிலிருந்து வெறுமனே வாசிக்கும் வேகம், வட்டையே தொடாமல் வலையமைப்பில் மட்டும் அனுப்பும் வேகம், நாடா பூட்டிய கணினியிலுள்ள ஒரு பெருங்கோப்பை நேரே நாடாவில் எழுதும் வேகம் ஆகிய மூன்றில் எது தாழ்ந்ததோ அங்கேதான் பழுது. நாடாவை நெடுநாள் வைப்பதற்கு 16 முதல் 25 பாகை செல்சியஸ் வெப்பமும் 50 சதவீதத்துக்கு மேற்படாத ஈரப்பதனும் தேவைப்படுவதால், கடற்காற்று புகும் அறை அதற்கு ஆகாது என்பதும் உண்மையே. ஆனால் புதுப்பித்த மறுவாரத்தில் தோன்றும் மந்தத்துக்கு ஈரம் காரணமாவது அரிது. புதிய நாடா இயந்திரத்துக்கு விலைமனுக் கோருவதற்கு முன், சுவிட்சில் அந்தத் துளைக்குரிய பிழை எண்ணிக்கையைப் பார்ப்பதே முறை.