எலும்பைக் காக்கும் மெல்லிய பூச்சு

விபத்தில் கால் எலும்பு முறிந்தவருக்கும், மூட்டுத் தேய்மானத்தால் நடக்க முடியாமல் தவிக்கும் முதியவருக்கும் இன்று அறுவை சிகிச்சை மறுவாழ்வு தருகிறது. முறிந்த எலும்பை இணைக்க உலோகத் தகடும் திருகாணிகளும் பொருத்தப்படுகின்றன. தேய்ந்த மூட்டை அகற்றிவிட்டுச் செயற்கை மூட்டு வைக்கப்படுகிறது. இவ்வாறு உடலுக்குள் பொருத்தப்படும் பொருளை ‘உள்பொருத்தி’ என்பர்.

உள்பொருத்திகள் செய்யப் பெரிதும் பயன்படும் உலோகங்களுள் ஒன்று டைட்டானியம். 1952ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க், முயலின் கால் எலும்பில் இரத்த ஓட்டத்தைக் கவனிப்பதற்காக டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்ததும் அதை எடுக்க முயன்றார், முடியவில்லை. எலும்பு வளர்ந்து அக்கருவியை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது. டைட்டானியத்தோடு எலும்பு ஒன்றிவிடும் என்பதை அவர் இவ்வாறு கண்டறிந்தார்.

ஆனால், உள்பொருத்தியின் மேல் இடம்பிடிக்க எலும்பின் உயிரணுக்கள் மட்டும் முயல்வதில்லை, கிருமிகளும் முயல்கின்றன. அறுவை சிகிச்சைக் கூடம் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், நோயாளியின் தோலிலிருந்தோ காற்றிலிருந்தோ சில கிருமிகள் உள்ளே நுழைந்துவிடக்கூடும். அவை உலோகத்தில் ஒட்டிக்கொண்டு, பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து, தங்களைச் சுற்றி ஒரு படலத்தை அமைத்துக்கொள்கின்றன. இதற்கு ‘உயிரிப்படலம்’ என்று பெயர். பல் துலக்காதபோது பற்களின்மேல் படியும் வழவழப்பான படிவும் ஓர் உயிரிப்படலமே. இந்தப் படலத்துக்குள் பதுங்கும் கிருமிகளை இரத்த வெள்ளையணுக்களாலும் மருந்துகளாலும் எளிதில் அழிக்க இயலாது. நிலைமை முற்றினால் உள்பொருத்தியையே அகற்றிவிட்டு மீண்டும் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும். சில வாரங்களில் நடக்கலாம் என நம்பியிருந்தவர் பல மாதங்கள் துன்புற நேரிடும்.

எனவே, உள்பொருத்தியின் பூச்சு இரண்டு பணிகளைச் செய்ய வேண்டும். முதலாவது, எலும்பை வரவேற்பது. எலும்பிலும் பல்லிலும் இயற்கையாகவே உள்ள கால்சியம், பாஸ்பேட் அடங்கிய தாதுப்பொருளை உலோகத்தின்மேல் பூசினால், எலும்பு அதை விரைந்து பற்றிக்கொள்கிறது. 1969ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர் லேரி ஹென்ச் உருவாக்கிய சிறப்புவகைக் கண்ணாடியும் இதற்கு உதவுகிறது. அது உடல் திரவத்தில் மெல்லக் கரைந்து, தன்மேல் எலும்பின் தாதுவைப் போன்ற ஓர் அடுக்கை உண்டாக்குகிறது. எலும்பு அந்த அடுக்கோடு இணைகிறது.

இரண்டாவது பணி, கிருமிகளை விரட்டுவது. இதற்காகப் பூச்சில் வெள்ளி அல்லது கிருமிக்கொல்லி மருந்து சேர்க்கப்படுகிறது. வெள்ளியிலிருந்து வெளிவரும் மின்னூட்டம் பெற்ற அணுக்கள் கிருமிகளின் மேலுறையைச் சிதைக்கின்றன. மருந்தே இல்லாத ஒரு வழியையும் ஆய்வாளர்கள் சோதித்து வருகின்றனர். தும்பியின் சிறகில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கூர்முனைகள் உள்ளன. அவற்றின்மேல் அமரும் கிருமிகள் சிதைந்து மடிகின்றன. அதைப் போன்ற கூர்முனைகளை டைட்டானியத்திலும் உருவாக்க முயற்சிகள் நடைபெறுகின்றன.

இவ்விரு பணிகளையும் ஒருசேரச் செய்வது எளிதன்று. ‘அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு’ என்பது இங்கும் பொருந்தும். வெள்ளி மிகுந்தால் கிருமிகளோடு எலும்பின் உயிரணுக்களும் பாதிக்கப்படும். மருந்து மிகக் குறைந்த அளவில் நெடுநாள் கசிந்தாலோ, கிருமிகள் அதைத் தாங்கும் ஆற்றலைப் பெற்றுவிடும். ஆகவே, தொற்று ஏற்படும் வாய்ப்பு மிகுந்த தொடக்க நாள்களில் மருந்து போதிய அளவு வெளிப்பட வேண்டும். அதன்பின் நின்றுவிட வேண்டும். உள்பொருத்தியை எலும்புக்குள் அழுத்திப் பொருத்தும்போது பூச்சு உரிந்துவிடவும் கூடாது.

கிருமிகள் குடியேறுவதற்குள் எலும்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், உள்பொருத்தி உடலின் ஓர் உறுப்பைப் போலவே நிலைத்துவிடும். நோயாளியும் மீண்டும் தம் சொந்தக் காலில் ஊன்றி நடப்பார். அதற்கான காலத்தை ஈட்டித் தருவதே இந்த மெல்லிய பூச்சின் வேலை.