ஒலிபெருக்கியும் அறையும்

பெரும்பொருள் கொடுத்து, தரையில் நிறுத்தும் உயரமான ஒலிபெருக்கிப் பெட்டிகளை வாங்கியோரின் கருத்துகள் ஒன்றோடொன்று முரண்படுவதேன்? வெள்ளவத்தை அடுக்குமாடியொன்றில், சீமெந்துச் சுவர்களிடையே அமைந்த சிற்றறையில், மிருதங்கத்தின் தொப்பியொலி பெருத்து வாய்ப்பாட்டையே மூடிவிடலாம். கொட்டாஞ்சேனையில், கூரை உயர்ந்த பழைய வீட்டுக் கூடத்தில், அதே பெட்டி அடங்கி இனிமையாய் ஒலிக்கக்கூடும்.

காரணம் அலையின் நீளம். வினாடிக்கு 40 அதிர்வுடைய தாழொலியின் அலை ஏறக்குறைய 8½ மீற்றர் நீளமானது; சிற்றறையில் அது சுவருக்குச் சுவர் மோதி மூலைகளில் குவிகிறது. திரைச்சீலை அதனை உறிஞ்சாது. பெட்டியைச் சுவரைவிட்டு ஒரு மீற்றர் முன்னே நகர்த்தினால் பெரும்பாலும் தெளிவு பிறக்கும். செலவில்லாத இவ்வைத்தியத்தைச் செய்து பாராமல் பெட்டியைப் பழிப்பது முறையன்று.

அமெரிக்காவில் ரைசும் கெலாக்கும் 1925இல் வெளியிட்ட அசையும் சுருள் முறையே பெரும்பாலான பெட்டிகளுள் இன்றும் இயங்குகிறது; கொழும்பில் வானொலி தொடங்கியதும் அவ்வாண்டிலேதான். சுருளோடு அசையும் கூம்பின் விளிம்பு நுரைப்பொருளாயின், கடலோர ஈரக்காற்றில் நாளடைவிற் பொடிந்துவிடும். இறப்பர் விளிம்போ நெடுநாள் தாங்கும். ஆதலால் வாங்கிய மாதத்துப் புகழுரையினும், பத்தாண்டு வைத்திருந்தவர் சொல்லுக்கே மதிப்பு மிகுதி. அடுத்த வீட்டாரையும் கேட்கலாம். தாழொலி அவர் சுவரையும் கடந்து செல்வதாயிற்றே!