பள்ளிவாசல் முற்றத்திலிருந்து அடிலெய்டு வரை

புதுதில்லி:

மேற்கு வங்கத்தின் பஹரம்பூர் தொகுதியில் 1999 முதல் தொடர்ந்து ஐந்து முறை வென்ற காங்கிரஸ் தலைவர் அதீர் ரஞ்சன் சௌத்ரியை, 2024 மக்களவைத் தேர்தலில் ஏறத்தாழ 85 ஆயிரம் வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்தவர் யூசுப் பதான். குஜராத்திலிருந்து வந்த கிரிக்கெட் வீரர் வங்காளத்தில் எப்படி வெல்வார் என்று அப்போது தலைநகரில் பலரும் ஐயுற்றனர். ஆனால் அக்குடும்பத்துக்கு எதிர்பாராத வெற்றிகள் புதியவை அல்ல. அண்ணனுக்கு வெகு முன்னரே, பத்தொன்பது வயதில் அதைச் செய்து காட்டியவர் தம்பி இர்பான் பதான்.

பரோடாவில் 1984 அக்டோபர் 27-ல் பிறந்தவர் இர்பான். தந்தை, அந்நகரின் மாண்ட்வி பகுதியிலுள்ள ஜும்மா மசூதியில் பாங்கு சொல்லும் மோதினார். மசூதியை ஒட்டிய சிறிய அறையே வீடு. அதன் முற்றமே சகோதரர் இருவருக்கும் முதல் ஆடுகளம். மக்கள் மார்க்கக் கல்வியில் தேர்ச்சி பெற வேண்டும் என்பதே பெற்றோரின் விருப்பமாக இருந்தது. பிள்ளைகளோ பந்தை விடவில்லை. தொடக்க நாள்களில் சிறுவன் இர்பான் வீசும் பந்து எதிர்முனையைச் சேர்வதற்குள் இரண்டு முறை தரையில் குதிக்குமாம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரப் பயிற்சியும், இந்திய அணியின் முன்னாள் கேப்டன் தத்தா கெய்க்வாட்டின் வழிகாட்டுதலும் அந்தக் குறையைப் போக்கின.

ஜாகீர் கான் இந்திய அணிக்குச் சென்றதால் பரோடா அணியில் ஏற்பட்ட வெற்றிடமே, 2001-ல் இர்பானுக்கு முதல்தரப் போட்டியின் கதவைத் திறந்தது. மறு ஆண்டே குஜராத் கலவரங்களால் பற்றியெரிந்தது, பரோடாவும் தப்பவில்லை. 2003-ல் லாகூரில் நடைபெற்ற 19 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆசியப் போட்டியில், வங்கதேசத்துக்கு எதிராக 16 ரன்களுக்கு 9 விக்கெட்டுகளைச் சாய்த்தார் இர்பான். அதற்குப் பின் தேர்வாளர்கள் காத்திருக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் அடிலெய்டில் முதல் டெஸ்ட். ஆஸ்திரேலியா 556 ரன்கள் குவித்த அப்போட்டியில் இர்பானுக்குக் கிடைத்தது ஒரே விக்கெட்தான். ஆயினும் அது மேத்யூ ஹேடனின் விக்கெட்! அடுத்து சிட்னியில் கில்கிறிஸ்டின் ஸ்டம்பைச் சாய்த்ததும், ஓய்வு பெறவிருந்த ஸ்டீவ் வாஹை வீழ்த்தியதும், அடிலெய்டில் கிடைத்தது அதிர்ஷ்டம் அல்ல என்பதை உணர்த்தின.

2004-ல் இந்திய அணி பாகிஸ்தான் சென்றபோது, இர்பானைப் போன்ற பந்து வீச்சாளர்கள் எங்கள் நாட்டில் தெருவுக்குத் தெரு கிடைப்பார்கள் என்ற பொருளில் பேசினார் அந்நாட்டின் பயிற்சியாளர் ஜாவித் மியான்தத். மூன்று டெஸ்டுகளில் 12 விக்கெட்டுகளை எடுத்தார் இர்பான். பாகிஸ்தான் மண்ணில் முதல்முறையாக டெஸ்ட் தொடரை வென்று திரும்பியது இந்தியா. சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அவ்வாண்டின் வளர்ந்துவரும் வீரர் விருதை அவருக்கே வழங்கியது.

எனினும், அவரது பெயரைச் சொன்னதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 2006 ஜனவரி 29 தான். கராச்சி டெஸ்டின் முதல் ஓவரிலேயே கடைசி மூன்று பந்துகளில் சல்மான் பட், யூனிஸ் கான், முகமது யூசுப் ஆகியோரை அடுத்தடுத்து வெளியேற்றினார். ஒரு டெஸ்ட் போட்டியின் முதல் ஓவரில் எவரும் அதுவரை ஹாட்ரிக் எடுத்ததில்லை. ஆனால் அப்போட்டியில் இந்தியா 341 ரன்கள் வித்தியாசத்தில் தோற்றது என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

பந்து வீச்சாளராக வந்தவரை மட்டையாளராகவும் மாற்ற முயன்றதே அவரைக் கெடுத்தது என்று பயிற்சியாளர் கிரெக் சேப்பல் மீது பழி சுமத்துவது இன்றும் வழக்கம். தம்மை மூன்றாவது வீரராகக் களமிறக்கும் யோசனை சச்சின் டெண்டுல்கருடையது என்றும், சேப்பலைக் குறை கூறுவது சரியல்ல என்றும் இர்பானே பின்னாளில் விளக்கிவிட்டார். 2005 டிசம்பரில் தில்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் இலங்கைக்கு எதிராகத் தொடக்க வீரராக இறங்கி 93 ரன்கள் எடுத்தவரை மட்டை பிடிக்கத் தெரியாதவர் என்று எவர் சொல்ல முடியும்? பந்தின் வேகமும் வளைவும் குறைந்ததே உண்மையான சிக்கல்.

2007 டி-20 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் 16 ரன்களுக்கு 3 விக்கெட். 2008 ஜனவரியில் பெர்த் டெஸ்ட் வெற்றி. இரண்டிலும் ஆட்ட நாயகன் அவர்தான். பெர்த் வெற்றிக்கு மூன்று மாதங்களுக்குப் பின் ஆமதாபாதில் ஆடியது அவரது கடைசி டெஸ்டாக அமைந்தது. 29 டெஸ்டுகள், 100 விக்கெட்டுகள், 1,105 ரன்கள். அப்போது அவருக்கு வயது 23.

2012 ஆகஸ்டில் பல்லேகலேயில் இலங்கைக்கு எதிரான ஒரு நாள் போட்டியில் 5 விக்கெட்டுகளை வீழ்த்தி மீண்டும் ஆட்ட நாயகனானார். அதன் பின் அவர் இந்தியாவுக்காக ஒரு நாள் போட்டியில் ஆடவேயில்லை.